பதினாலாம் நம்பர் டோக்கன்

“இன்னிக்கு ஒரு கம்பெனி மேனேஜரை, அவர் கம்பெனி வேலைக்கே நீங்க லாயக்கில்லைன்னு எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் திருப்பி அனுப்பிட்டேன்” என்றாள் பூதக்கண்ணாடி. “நான் கேட்ட கேள்வி தாங்காம நாலு டம்ளர் தண்ணி குடிச்சாரு மனுஷன்.”

சாப்பாட்டு மேஜையில் இருந்தது மூன்றே பேர். வீட்டுக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் முதலில் பிரேக்கில் காலை வைத்துப் பழகியவர். அவருடைய தங்கை, அதாவது பூதக்கண்ணாடியின் நாத்தனார், பிரேக் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

“அண்ணி, காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீங்க பூக்கடையையே தூக்கிட்டு வந்து சுத்தறீங்களே!”

“ஸ்டாம்ப் குத்தினேன்டி. இந்தக் கையாலதான்.”

“இன்னிக்கு மேனேஜர். நாளைக்கு யாரு, மந்திரியா?”

“வந்தா அவரையும் உட்காரச் சொல்லுவேன்.”

“அண்ணே, உன் பொண்டாட்டிக்கு டம்ளரை நகர்த்தி வை. வெயில்ல அலைஞ்சுட்டு வந்திருக்காங்க.”

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் குடியிருந்ததே தவிர ஊரில் யார் வாயிலும் வந்ததில்லை. பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் குறை கண்டுபிடிக்கும் வேலை அவளுடையது. முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக நகரும். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை விளக்குப் பலகை எரியும். குமிழ் விழுந்தது, மணல் உருகாமல் நின்றது, கழுத்தில் மயிரிழைக் கீறல் ஓடியது, எல்லாவற்றையும் போகிற போக்கில் தட்டி எடுத்துத் தொட்டியில் போடவேண்டும். நிமிஷத்துக்கு அறுபது பாட்டில் என்று கம்பெனி சொல்லும். அறுநூறு என்று அவள் சொல்வாள். எதிர்ச்சாரியில் போகும் லாரியில் நடுவரிசைப் பாட்டில் ஒன்றுக்கு அடியில் விரிசல் என்று கண்டுபிடித்து, லாரியை நிறுத்தச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அதை அவளே சொல்வதால் சற்றுத் தள்ளுபடி செய்து கேட்பது வழக்கம். ஆனால் ஒன்று நிஜம். உறவுக்காரர்கள் வீட்டுக்கு அவள் போனால் தண்ணீர் கொடுக்க ஸ்டீல் டம்ளரைத்தான் தேடுவார்கள். கண்ணாடி டம்ளர் கொடுத்துவிட்டு அவமானப்பட யாரும் தயாராக இல்லை.

தொழிற்சாலை மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொண்டாள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அங்கே ஒரு தனி விதி. ஆறு வாரப் பயிற்சி ஒன்றை மூன்று முறை முடிக்கவேண்டும். மூன்றாவது முறை முடிகிற நாளிலும் வேலை கிடைக்கவில்லையென்றால், பெயரை வேறொரு பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள். ‘தற்போது வாய்ப்புக் குறைந்தோர்’ என்று அதற்கு அலுவலகம் இட்ட பெயர். சாம்பல் நிற அட்டை போட்டிருந்ததால் வருகிறவர்கள் எல்லோரும் சாம்பல் ஃபைல் என்றார்கள். அதற்குள் போன பெயர் எதுவும் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

நாத்தனாரின் பெயர் அதற்குள் இரண்டு வருஷமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்விட்ச்போர்டில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள். எந்த வார்டுக்கு எந்த எண், எந்த டாக்டர் எத்தனை மணிக்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் நாக்கு நுனியில். பிறகு ஆஸ்பத்திரியில் தானாகப் பேசும் இயந்திரம் வந்தது. அவள் மூன்று பயிற்சியும் முடித்து, மூன்று சான்றிதழும் வாங்கி, சாம்பலுக்குள் போனாள். இப்போதும் வீட்டு ஃபோன் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். ஆனால் அந்த அலுவலகத்தில் நல்லது ஏதாவது நடந்தது என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்கு உடம்பே நம்ப மறுக்கும்.

பூதக்கண்ணாடிக்கு அது மூன்றாவது முறை. இன்னும் ஒன்பது வேலை நாள் பாக்கி.

நடந்தது இதுதான்.

பயிற்சி ஆறாம் எண் அறையில். சுவரில் ஒரு படம்: ஏணியில் ஏறிக்கொண்டே சிரிக்கும் இருபது வயது இளைஞன். கீழே பெஞ்சுகளில் முழங்கால் வலிக்காரர்கள் முப்பது பேர். மவுஸைப் பிடிக்க ஒரு வாரம், அதை விட ஒரு வாரம் என்று பாடம் போகும். மீதி நாளெல்லாம் நேர்காணல் ஒத்திகை. எப்படி உட்காருவது, எவ்வளவு சிரிப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று நாற்பது குறிப்புகளும், கேட்கப்படும் கேள்விகளும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். “ஐந்து வருடங்களுக்குப் பிறகு உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?” என்பது அதில் ஒரு கேள்வி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அறுபத்தொரு வயதுக்காரர் எழுந்து, “கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா எங்க வேணா பார்க்கலாம் டீச்சர்” என்று பதில் சொல்லி, அன்றைக்கு முழு மதிப்பெண் கேட்டுத் தகராறு செய்தார்.

டீச்சர் என்பது பயிற்சி நடத்திய பெண். நான்கு அறைக்கும் அவள் ஒருத்திதான். ஒரு அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். பாதி வாக்கியம் இங்கே, மீதி அங்கே. அதனால் அவளே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மற்றவர்கள் டோக்கன் எண் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக வந்து வேலை கேட்பார்கள். முடிவில் தாளில் கருத்து எழுதி ஸ்டாம்ப் குத்தவேண்டும். ஸ்டாம்ப் இரண்டு இருந்தன. ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது கடையிலிருந்து வந்த நாள் போலவே புத்தம் புதிதாக இருந்தது. ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்பதன் எழுத்துகள் தேய்ந்து பல் விழுந்த வாய் போல இருந்தன.

அன்று அதிகாரி நாற்காலி பூதக்கண்ணாடிக்கு. டீச்சர் நகலெடுக்கப் போயிருந்தாள். அந்த நகல் இயந்திரம் ஒரு தாளைக் கக்குவதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும்.

வாசலில் காவலாளியின் பலகையில் இரண்டு வகை டோக்கன் தொங்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வெள்ளை, அலுவலகத் தலைவரைப் பார்க்க வரும் வெளியாட்களுக்குச் சிவப்பு. அன்றைக்குச் சிவப்பு தீர்ந்துவிட்டது. காவலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது: கடவுளே வந்தாலும் டோக்கன் இல்லாமல் உள்ளே விடமாட்டான். ஆகவே, தோல் பையோடு வந்த ஒரு மனிதருக்கு வெள்ளையில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “கூப்பிடுவாங்க, அந்தப் பெஞ்சுல உட்காருங்க” என்றான். பதினாலாம் நம்பர்.

“பதினாலு!” என்று பூதக்கண்ணாடி கூப்பிட்டாள்.

வந்தவருக்கு ஐம்பது இருக்கும். காதோரம் நரை. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆள், ஒத்திகைக்கே இவ்வளவு நன்றாக உடுத்தி வந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு திருப்தி.

“உட்காருங்க. எந்த வேலை விஷயமா வந்திருக்கீங்க?”

“வணக்கம் மேடம். கண்ணாடி ஜாடி தொழிற்சாலை. பரிசோதகர் வேலை. பன்னெண்டு இடம் காலியா இருக்கு.”

“பன்னெண்டு கிடக்கட்டும். முதல்ல ஒண்ணைப் பத்திப் பேசுவோம். பரிசோதகர்னா, காலையில வந்ததும் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்யணும்?”

இந்தக் கேள்வி அச்சடித்த தாளில் இல்லை. அந்தத் தாளை அவள் டம்ளருக்கு அடியில் விரித்திருந்தாள்.

“தரக் கட்டுப்பாட்டு நடைமுறைகளைப் பின்பற்றணும் மேடம்.”

“அது போர்டுல எழுதிவைக்கிற பேச்சு. கை என்ன செய்யும்? கண்ணு எங்க இருக்கும்?”

வந்தவர் முதல் டம்ளர் தண்ணீரை எடுத்தார். வேலை கொடுக்க வருகிறவர்களை அரசாங்கம் இப்படிக் குடைந்து கேட்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் நாற்காலியில் இருப்பவர் கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று யார்தான் கேட்டிருக்கிறார்கள்? பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். “பட்டப்படிப்பு வேணும். நாப்பது வயசுக்குள்ள இருக்கணும். கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்கணும்.”

“நாப்பது வயசுன்னு யாரு கேட்டா? ஜாடியா?”

பின்பெஞ்சில் கிரேன்காரர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர்.

“இல்ல மேடம்… அது எப்பவும் போடறதுதான்.”

“எப்பவும்னா எப்பலேர்ந்து? யாரு போட்டது?”

“எனக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவர்.”

“அவர் இப்ப எங்க?”

“ரிடையர் ஆயிட்டார்.”

“எத்தனை வயசுல?”

“அறுபத்திரெண்டு.”

பூதக்கண்ணாடி தாளில் ஏதோ எழுதினாள். எழுதியது அறுபத்திரண்டு என்ற எண்ணை மட்டும்தான். ஆனால் எழுதிய தோரணையில் எதிரே இருந்தவருக்கு நெற்றி வியர்த்தது. இந்த ஆள் என்னமாய் நடிக்கிறார் என்று அவளுக்கு வியப்பு. வேலை தெரியாத ஒருவனைப் போல முழிக்க, வேலை நன்றாகத் தெரிந்தவனால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி. இதுக்கு முன்னாடி அந்த வேலையைப் பார்த்தவங்க ஏன் போனாங்கன்னு விசாரிச்சீங்களா?”

“கழுத்து வலிக்குதுன்னாங்க. ஒருத்தர் மூணு வாரம் இருந்தார். இன்னொருத்தர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், திரும்பி வரல.”

“பெல்ட் எந்த உயரத்துல ஓடுது? உட்கார்ந்து பார்க்கறதா, நின்னா?”

அவர் மறுபடி தண்ணீருக்குக் கை நீட்டினார்.

“இப்ப தண்ணி குடிச்சீங்களே, அந்த டம்ளர்ல ஒரு குறை இருக்கு. கண்டுபிடிங்க.”

அவர் டம்ளரைத் தூக்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், உள்ளே பார்த்தார். ஒரு கட்டத்தில் அதை முகர்ந்துகூடப் பார்த்ததாகப் பின்னாளில் பூதக்கண்ணாடி சொன்னாள். “எதுவும் தெரியலையே மேடம்.”

“இப்படிக் கொடுங்க. நேரா வச்சு முறைச்சா அது காட்டாது. சாய்ச்சுப் பிடிச்சு, கால் சுத்து சுத்தணும். வெளிச்சத்துல ஒரு தரம் கண்ணடிக்கும். பாருங்க.” விளிம்புக்கு ஒரு விரல் கீழே, ஊசி முனையளவு வெள்ளிக் கோடு மின்னி மறைந்தது. “இது இன்னும் ஒரு மாசம் தாங்காது.”

அவர் டம்ளரை வாங்கி, தானும் ஒரு தரம் சாய்த்துப் பார்த்தார்.

பூதக்கண்ணாடி தாளில் எழுதினாள்: ‘ஆள் மரியாதையானவர். வேலை என்னவென்று தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு மறுபடி வரட்டும்.’ பல் விழுந்த ஸ்டாம்பை எடுத்து ஊதி, ஓங்கிக் குத்தினாள். மேஜை ஒரு அடி நகர்ந்தது.

“அப்ப அந்தப் பன்னெண்டு இடம், மேடம்?”

“பதறாதீங்க. எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான். வேலையைக் கண்ணால பார்க்காம வந்தா யாரா இருந்தாலும் மாட்டிக்குவாங்க. அடுத்த வாரம் தயார் பண்ணிட்டு வாங்க.”

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வருகைத் தாளில் கையெழுத்தும் போட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாசலில் டோக்கனைக்கூட ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்.

பத்து நிமிஷம் கழித்து அலுவலகத் தலைவர் ஆறாம் அறைக்குள் நுழைந்தார். “ஜாடி கம்பெனி பெர்சனல் மேனேஜர் வந்தாரான்னு யாராவது பார்த்தீங்களா? பன்னெண்டு வேலையோட வர்றேன்னார். டீ ரெண்டு தடவை ஆறிப்போச்சு.”

முப்பது பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். நகலோடு திரும்பியிருந்த டீச்சர் மேஜை மேலிருந்த வருகைத் தாளைப் பார்த்தாள், பதினாலுக்கு எதிரே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள், தாளைத் தலைவரிடம் நீட்டினாள்.

தலைவர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கூரை மட்டும் இல்லாதிருந்தால் அன்று திரும்பி வந்திருக்கவே மாட்டார். “வருஷத்துல ஒரு கம்பெனிதான் இங்க எட்டிப் பார்க்குது! அதையும் விரட்டியாச்சு! இந்தம்மாவுக்கு ஒன்பது நாள் எதுக்கு? நாளைக்குக் காலையில முதல் வேலையா இவங்க பேரைச் சாம்பல் ஃபைலுக்கு மாத்துங்க!”

இதில் கடைசிப் பகுதியைத்தான் பூதக்கண்ணாடி சாப்பாட்டு மேஜையில் சொல்லவில்லை. மேனேஜரைச் சொன்னாள், ஸ்டாம்பைச் சொன்னாள், தண்ணீரை இரட்டிப்பாக்கிச் சொன்னாள். நாளைக் காலையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாத்தனார் விடவில்லை.

“சரி அண்ணி, ஸ்டாம்ப் குத்தினீங்க. அப்புறம் அவர் என்ன செஞ்சாரு? கைதட்டினாரா?”

“நன்றி சொன்னாரு.”

“இதுக்கு அந்த லாரிக் கதையே தேவலை” என்று நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சாம்பல் ஃபைல் தலைவரின் மேஜையில் விரிந்து கிடந்தது. பூதக்கண்ணாடி எதிரே நின்றாள். தலைவர் பேனா மூடியைத் திறந்தார். அப்போது எழுத்தர் தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் விதியை மீறி ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை.

“சார், காலக்கெடு முடியறதுக்கு முன்னாடி பேரை மாத்தணும்னா காரணத்துக்கான அசல் ஆவணம் ஃபைல்ல இணைக்கணும்.”

“எந்த ஆவணம்?”

“அவங்க எழுதி ஸ்டாம்ப் குத்தின தாள்.”

“அது எங்க?”

“மேனேஜர் பையில சார்.”

தலைவர் பேனாவை மூடினார். ஃபோன் செய்து, நேற்று நடந்த அசம்பாவிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தாளைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார். மறுமுனை “நானே நேர்ல எடுத்துட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை. அந்த மேடமும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

“கேஸ் போடப்போறாரு” என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை வரை பூதக்கண்ணாடி ஆறாம் அறையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை அதிகாரி நாற்காலிப் பக்கம் விடவில்லை. “கேஸ் நடந்தா நான் சாட்சி சொல்ல வர்றேன். ஜாடி வயசு கேக்கலைன்னு ஜட்ஜ் முன்னாடி சத்தியம் பண்றேன்” என்றார் கிரேன்காரர். வீட்டிலோ தண்ணீர் ஏழு டம்ளராகியிருந்தது. பயம் ஏற ஏற அவளுக்குக் கணக்கும் ஏறும்.

மேனேஜர் வந்தார். கூடவே இரண்டு ஆட்கள் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். காவலாளி இந்தத் தடவை சிவப்பு டோக்கன் தயாராக வைத்திருந்தான். “எனக்கு அந்தப் பதினாலே கொடுங்க” என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இல்லாத நிகழ்ச்சி. ஆறாம் அறைக்கு வந்தார். தலைவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“மேடம், நீங்க சொன்ன மாதிரி போய்ப் பார்த்தேன். பதினோரு வருஷமா அந்தக் கம்பெனியில இருக்கேன். பேக்கிங் ஹாலுக்குள்ள முழுசா ஒரு மணி நேரம் நின்னது இதுதான் முதல் தடவை. பெல்ட் இடுப்புக்குக் கீழ ஓடுது. குனிஞ்சே பார்க்கணும். உயரமான பசங்களுக்குக் கழுத்து போயிடுது. கம்ப்யூட்டர்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல.”

“சார்,” என்று தலைவர் குறுக்கே வந்தார், “இவங்க அதிகாரி இல்ல. பயிற்சிக்கு வந்தவங்க. வயசு ஐம்பத்தெட்டு. நீங்க நாப்பதுன்னு போட்டிருந்தீங்க…”

மேனேஜர் அவளைப் பார்த்தார். பூதக்கண்ணாடி எழுந்து நின்றாள்.

“அப்ப நீங்க எங்க வேலை பார்த்தீங்க?”

“பாட்டில் கம்பெனி. இருபத்தேழு வருஷம்.” கூட ஒரு வருஷம்கூடச் சேர்க்கவில்லை.

அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேஜை மேல் நாற்பது ஜாடிகள். “இதுல ஏழு கெட்டது. எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்க ஹால்ல இப்ப இருக்கிறவர் நாலுதான் கண்டுபிடிச்சார்.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், சாய்த்தாள், கால் சுற்றுச் சுற்றினாள், வைத்தாள். கை பழைய வேகத்துக்குப் போனதும் ஜாடிகள் தாமாகவே நடந்து போவதுபோல இருந்தது. ஒதுக்கியவை ஒரு பக்கம் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தால் எட்டு.

தலைவர் நெற்றியைத் தடவினார். “ஒண்ணு தப்பு.”

மேனேஜர் எட்டாவதை எடுத்துப் பார்த்தார். “இது மாதிரிக்குன்னு தனியா வச்சிருக்கிற நல்ல ஜாடி மேடம். இதைக் காட்டித்தான் மத்ததைச் சரி பார்க்கிறோம்.”

“ஒரு சொட்டு மை இருக்கா?” என்று கேட்டாள். ஸ்டாம்ப் பேடைக் கொடுத்தார்கள். விரலில் தொட்டு ஜாடியின் கழுத்தில் தேய்த்தாள். தலைப்பால் அழுந்தத் துடைத்தாள். மை எல்லாம் போயிற்று. கழுத்தைச் சுற்றி ஒரு நீல இழை மட்டும் போகாமல் நின்றது.

மேனேஜர் அந்த இழையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். “இதைக் காட்டித்தானே மூணு வருஷமா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அறிவிப்புத் தாளை எடுத்து, வயது என்றிருந்த வரியை அடித்தார். பட்டப்படிப்பை அடித்தார். கம்ப்யூட்டரை அடித்தார். தாளில் மிஞ்சியது முகவரி மட்டும்தான். “இந்தப் பெஞ்சுல இருக்கிறவங்க எல்லாருக்கும் இந்த ஜாடிகளைக் கொடுங்க” என்றார்.

அன்று மாலைக்குள் ஆறு பேர் தேறினார்கள். கிரேன்காரர் தேறவில்லை, கண் ஆபரேஷன் முடிந்ததும் வருவதாக ஜாடிகளிடம் சொல்லிவிட்டுப் போனார். பூதக்கண்ணாடிக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை. எழுத்தர் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘பணியில் சேர்ந்தார்’ என்று எழுதி, சாம்பல் ஃபைலை அலமாரிக்குத் திருப்பி அனுப்பினார். தாள் மட்டும் திரும்பி வரவில்லை. அது தன்னிடமே இருக்கட்டும் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார்.

தலைவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்முடைய நீண்டகாலச் சிந்தனையின் விளைவாகச் சோதனை முறையில் ஒரு புதிய திட்டத்தைச் செயல்படுத்தியதாக அதில் இருந்தது. மேலிடம் வெகு தொலைவில் இருந்ததால் முழுதாக நம்பியது. நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. இனி வயது வரம்பு போட்டு ஆள் கேட்கிற எந்தக் கம்பெனியும், முதலில் வெள்ளை டோக்கன் வாங்கிக்கொண்டு பயிற்சி அறை நாற்காலியில் உட்காரவேண்டும். எதிரே பயிற்சிக்காரர்கள். முதல் ஒரு மணி நேரம் என்ன வேலை, கை என்ன செய்யும், முன்னால் இருந்தவர் ஏன் போனார், இந்த வயதை யார் கேட்டது என்று நான்கு கேள்விகள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு எங்கே என்ற கேள்வியை எடுத்துவிட்டார்கள். கூடவே, சாம்பல் ஃபைலில் இருக்கும் எல்லோரையும் மறுபடி கூப்பிடவேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது.

இத்தனைக்கும் பிறகும் நாத்தனார் அசையவில்லை. “ஆள் பத்தலை, எடுத்துக்கிட்டாங்க. அது வேற. மேனேஜரை நீங்க ஃபெயில் பண்ணீங்கன்றது வேற.”

“அந்தத் தாளை அவர் வச்சிருக்காருடி!”

“ஆமா, பூஜை பண்ணிட்டிருக்காரு.”

“எவ்வளவு தண்ணி குடிச்சாரு தெரியுமா? ஒரு குடம்!”

“நாலு மாசம் முன்னாடி ஏழு டம்ளர்னீங்க. இன்னும் ரெண்டு மாசம் போனா மனுஷன் கிணத்துலயே இறங்கிடுவாரு.”

நாத்தனாருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை இரண்டு நாள் பிரிக்காமல் ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை அண்ணன் செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, பேப்பர் படிக்கப் போனார். போனாள்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். பூதக்கண்ணாடி வேலையிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சு?” என்றார் அண்ணன்.

“உங்க ஜாடி கம்பெனிதான் வந்திருந்தது. சரக்கு உடைஞ்சு போச்சுன்னு கடைக்காரங்க ஃபோன்ல கத்தறாங்களாம். அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஆள் வேணுமாம். வெள்ளை டோக்கனோட நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு, காதோரம் நரைச்ச ஒருத்தர். நாங்க எட்டுப் பேர் எதிர்ல.”

“கேள்வி கேட்டியா?”

“நாலும் கேட்டேன். ஒண்ணுவிடாம சொன்னாரு. ரெண்டு நாளா அந்த ஃபோன் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுட்டு வந்திருக்காரு. அப்புறம் ஃபோனைக் கையில கொடுத்து, ரெண்டு கடைக்காரங்ககிட்ட என்னைப் பேசச் சொன்னாரு. கத்தினவங்க கடைசியில எனக்கு நன்றி சொல்லிட்டு வச்சாங்க. புதன்கிழமையிலேர்ந்து வரச் சொல்லியிருக்காரு.”

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். பூதக்கண்ணாடி வாயைத் திறக்கவில்லை. அதுவே அந்த வீட்டில் பெரிய அதிசயம்.

“எல்லாம் முடிஞ்சப்புறம், இன்னும் ஒரு கேள்வி இருக்கு சார்னேன்” என்றாள் நாத்தனார். “சட்டைப் பையிலேர்ந்து ஒரு தாளை எடுத்தாரு. நாலா மடிச்சு, மடிப்பெல்லாம் கிழிஞ்சு, டேப் ஒட்டியிருந்துச்சு. உங்க கையெழுத்து. கீழ அந்தப் பல்லு போன ஸ்டாம்ப்.”

“அப்புறம்?” என்றாள் பூதக்கண்ணாடி.

நாத்தனார் புடவை மடிப்பை நீவினாள். ஜன்னலைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். வேறு பார்ப்பதற்கு அறையில் ஒன்றும் மிச்சமில்லை.

“நாலும் இல்ல, ஏழும் இல்ல, குடமும் இல்ல. ரெண்டே ரெண்டு டம்ளர். அதுலயும் ரெண்டாவதைப் பாதிதான் குடிச்சாராம்.”

“சரி. மத்தது?”

“மத்தது…” என்று இழுத்தாள். “மத்ததெல்லாம் நடந்ததுதான் அண்ணி.”